அளந்த பீ.எச். ஒன்று, கணக்கில் வரும் பீ.எச். இன்னொன்று: மட்டக்களப்புக் கடல்நீர் மாதிரிகள்

ஒலுவில்_நீர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

தை மாதக் கடைசியில் மட்டக்களப்புக்குக் கிழக்கே ஓடிய ஓர் ஆய்வுக் கப்பலின் நீர் மாதிரிகளில் ஒரு பங்கு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருக்கிறது. ஆழ்கடலில் தொடங்கிக் கரையை நோக்கி வரும் ஒரே கோடு. கப்பல் நெருங்க முடியாத கடைசி நிலையங்களுக்குச் சிறு வள்ளத்தில் போய், பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு வெளியே நீர் எடுத்திருக்கிறார்கள். கரைந்த அசேதனக் காபனையும் மொத்தக் காரத்தன்மையையும் (அமிலத்தை வாங்கும் திறனையும்) அவர்களே அளந்து தாளில் தந்துவிட்டார்கள். மற்றச் சோடிப் போத்தல்களில் பீ.எச். பார்ப்பது என் வேலை.

வெளிக்கடல் மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டிச் சொன்னால் காரத்தன்மை கிலோவுக்கு 2200 மைக்ரோமோல், அசேதனக் காபன் 1900, உவர்ப்பு 33. இதைக் கணிப்பு மென்பொருளில் போட்டால் 25 பாகையில் பீ.எச். 8.07 அளவில் வருகிறது. எங்கள் கண்ணாடி மின்வாய் அதே 25 பாகையில் 8.20 காட்டுகிறது. ஒரு போத்தலில் மட்டும் என்றால் விட்டுவிடுவேன். வெளிக்கடல் போத்தல் எல்லாவற்றிலும் ஏறத்தாழ இதே இடைவெளி.

மின்வாய் புதிது. கப்பல்காரர்களின் எண்களைச் சந்தேகிக்கவும் மனம் வரவில்லை. எங்கே பார்க்கட்டும்?

மண்முனைப்_பண்ணை

தங்கச்சி, பீ.எச். விசயம் தெரிஞ்ச ஆக்கள் வருவாங்க. எனக்கு ஒரு கேள்வி. நாங்க இறால் தொட்டியில காரத்தன்மை பாக்கிறது மில்லிகிராம் கணக்கில. சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுற வரைக்கும் எண்ணுறது. உங்கட 2200 எண்டது எங்கட கணக்கில எவ்வளவு?

ஆழ்நீர்

பண்ணை அண்ணனுக்கு முதலில். உங்கள் மருந்துப் பெட்டி சொல்வது ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்ற கணக்கு. அதில் 1 மில்லிகிராம் ஏறத்தாழ 20 மைக்ரோமோலுக்குச் சமம். ஆக 2200 என்பது உங்கள் கணக்கில் 113 அளவு. ஒரு சொட்டுக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒரே சொட்டில் 200 மைக்ரோமோல் தாண்டிப் போகிறீர்கள். தொட்டியில் சுண்ணாம்பு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது தாராளமாகப் போதும். கடலில் தேடுவது அதைவிட மிகச் சிறிய மாற்றம். வளியில் ஏறும் காபனீரொட்சைட்டைக் கடல் உறிஞ்சுவதால் மேல்நீரின் அசேதனக் காபன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமோல்தான் கூடுகிறது. அளவீட்டில் 10 மைக்ரோமோல் பிழை விட்டால் பத்தாண்டு மாற்றம் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். கப்பல்காரர்கள் 2 மைக்ரோமோலுக்குள் நிற்கப் படாதபாடு படுவது இதனால்தான்.

இனித் தங்கச்சியின் கேள்வி. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மின்வாயை எந்தத் தாங்கற் கரைசலில், அதாவது பீ.எச். முன்பே தெரிந்த எந்தக் கரைசலில், அளவுதிருத்தினீர்கள்? பைக்கற்றில் வரும் 4, 7, 10 என்றால் இடைவெளியில் மர்மம் எதுவும் இல்லை.

அந்தக் கரைசல்கள் குளத்து நீர், குடிநீர் போன்ற மென்கரைசல்களுக்குப் பொருந்துபவை. கடல்நீரில் அயன் செறிவு அவற்றைவிடப் பல மடங்கு. அளவுதிருத்திய மின்வாயை உப்புநீருக்குள் விட்டதும் ஒப்பீட்டு மின்வாயின் சந்தியில் மின்னழுத்தம் மாறிவிடுகிறது. அதோடு அளவுத்திட்டமும் வேறு. கடல்வேதியியலில் நாங்கள் பயன்படுத்தும் 'மொத்த அளவுத்திட்டம்' தனி ஐதரசன் அயனோடு சல்பேற்றுடன் பிணைந்திருக்கும் ஐதரசனையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறது. பைக்கற் கரைசலில் திருத்திய எண்ணுக்கும் மொத்த அளவுத்திட்ட எண்ணுக்கும் வழக்கமான கடல்நீரில் 0.13, 0.14 வித்தியாசம் இருக்கும். உங்கள் 8.20இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள்.

இந்தத் திருத்தம் நிரந்தர மருந்தல்ல. ஒவ்வொரு மின்வாய்க்கும் சந்தி அழுத்தம் வேறு, உவர்ப்பு மாறினால் அதுவும் மாறும். செயற்கைக் கடல்நீரில் கரைத்த 'ட்ரிஸ்' தாங்கற் கரைசலில் திருத்துவதே முறை. அதைவிட நல்லது சாய முறை. எம்-கிரெசோல் பர்ப்பிள் சாயத்தைச் சிறிதளவு சேர்த்து, 434, 578 நனோமீற்றர் ஆகிய இரண்டு அலைநீளங்களிலும் ஒளி உறிஞ்சலைப் பார்த்து, விகிதத்திலிருந்து பீ.எச். கணிப்பது. நல்ல ஒளிமானியும், வெப்பநிலையை ஒரே இடத்தில் நிறுத்தும் கலன்தாங்கியும் இருந்தால் ஆயிரத்தில் ஓரிரு அலகு வரை மறுபடி மறுபடி ஒரே எண் வரும். மின்வாயில் அந்த நெருக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஒலுவில்_நீர்

ஜஸாக்கல்லாஹ், அண்ணன். ஆம், பைக்கற்றில் வந்த 4, 7, 10தான். கழித்துப் பார்த்தேன். வெளிக்கடல் நிலையங்கள் எல்லாம் கணக்கோடு அருகருகே வந்து அமர்ந்துவிட்டன.

ஆனால் முகத்துவார நிலையங்கள் இப்போது மறுபக்கம் சாய்கின்றன. அங்கே அளந்த பீ.எச். கணக்கிட்டதைவிட 0.05 அளவு குறைவு. கரையை நெருங்க நெருங்க இடைவெளி கூடுகிறது. உவர்ப்பு 20க்குமேல்தான் இருக்கிறது, முழு நன்னீர் இல்லை. இதற்கும் மின்வாயைத்தான் குற்றம் சொல்வதா?

கல்லடி_ஆய்வுகூடம்

மகள், மின்வாய்க்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆழ்நீர் தம்பி சொன்னபடி உவர்ப்பு இறங்க இறங்கச் சந்தி அழுத்தம் நகரும். ஆனால் முகத்துவாரத்தில் எடுத்த நீர் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது வேறு.

மாரியில் முகத்துவாரம் வெட்டின பிறகு வாவித் தண்ணி வெளியே போவதைக் கல்லடிப் பாலத்தில் நின்று பாத்திருப்பீங்கள். தேத்தண்ணிச் சாயம். வயலிலும் கண்ணாக் காட்டிலும் அழுகின இலைகுழையின் சேதன அமிலங்கள் அதில் கரைந்திருக்கும். மொத்தக் காரத்தன்மையை எப்படி அளக்கிறோம்? ஐதரோக்குளோரிக்கமிலத்தை அளவியால் சொட்டுச் சொட்டாக விட்டு, பீ.எச். 3 அளவுக்கு இறங்கும் வரைக்கும் நியமிக்கிறோம். அந்த வழியில் அமிலத்தை யார் வாங்கினாலும் எல்லாம் காரத்தன்மைக் கணக்கில் ஏறிவிடும். காபனேற்றும் இருகாபனேற்றும் வாங்கும், போரேற்று வாங்கும், இந்தச் சேதன அமிலங்களின் உப்புகளும் வாங்கும். மென்பொருளுக்குச் சேதனம் பற்றித் தெரியாது. போரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று வரைக்கும் கழித்துவிட்டு மிச்சம் எல்லாம் காபனேற்று என்று எடுத்துக்கொள்ளும். காபனேற்று கூடினதாகக் கணக்கு வந்தால் பீ.எச்.சும் கூடத்தான் வரும். நீங்கள் காண்பது அதே திசை.

ஆழ்நீர்

அக்கா சொல்வது நடக்கக்கூடியது. ஆனால் அதே திசையில் தள்ளும் இன்னொன்றும் இருக்கிறது, அதை விலக்காமல் சேதனத்தின் தலையில் பழியைப் போட நான் உடன்பட மாட்டேன்: துகள்கள்.

முகத்துவாரத்துக்கு வெளியே அலை அடிக்கும் இடத்தில் சிப்பித்தூளும் கிளிஞ்சல் பொடியும் நீரில் மிதக்கும். எல்லாம் கல்சியம் காபனேற்று. நீரில் சும்மா கிடக்கும்போது அவை பீ.எச்.சைத் தொடாது. அமிலம் விட்டதும் கரையும். ஒரு மூலக்கூறு கரைந்தால் காரத்தன்மையில் 2, அசேதனக் காபனில் 1 கூடும். அசேதனக் காபனை அளக்கவும் பொசுபோரிக்கமிலம் விட்டுத்தானே வாயுவைத் துரத்துகிறோம், ஆகவே இரண்டு அளவீடும் ஏமாறும், மின்வாய் மட்டும் ஏமாறாது. 0.05 இடைவெளிக்கு லீற்றருக்கு 3, 4 மில்லிகிராம் தூள் போதும். கலங்கிய நீரில் அது பெரிய விசயமல்ல. கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம்.

தங்கச்சி, வள்ளத்தில் எடுத்த நீரை வடித்தார்களா?

ஒலுவில்_நீர்

தாளில் வடித்ததாகக் குறிப்பு இல்லை. போத்தலின் அடியில் மெல்லிய வண்டல் இருக்கிறது, சாய்த்தால் நகர்கிறது.

கல்லடி_ஆய்வுகூடம்

அப்படியெண்டால் தம்பி பக்கம் கொஞ்சம் பாரம் கூடுது. ஆனாலும் சாயநீரை நான் விடமாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கு, கேளுங்கள்.

காபனீரொட்சைட்டு வளிக்குள் தப்பினாலும் உள்ளே வந்தாலும் மொத்தக் காரத்தன்மை மாறாது. அசேதனக் காபன் மாறும், பீ.எச். மாறும், காரத்தன்மை மட்டும் அசையாது. அதனால் காரத்தன்மைக்கு எடுக்கும் நீரை வெற்றிடப் பம்பியில் ஆறுதலாக வடிக்கலாம், பயமில்லை. மிச்சம் இருக்கும் போத்தலில் ஒன்றைக் குலுக்கி, பாதியை 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளில் வடியுங்கள். வடித்தது, வடிக்காதது இரண்டையும் ஒரே நாளில், ஒரே அமிலத்தில் நியமியுங்கள். வடிக்காததில் கூட வந்தால் அது தூள். இரண்டும் ஒன்றாகவே வந்து, கணக்கோடும் ஒத்துப்போகாவிட்டால் சேதனம்.

சேதனத்தை நேரடியாகப் பிடிக்க மறுநியமிப்பு செய்யலாம். பீ.எச். 3க்கு இறக்கின நீரில் நைதரசனை ஊதிக் காபனீரொட்சைட்டை முழுக்க விரட்டிவிட்டு, காபனேற்று கலக்காத சோடியம் ஐதரொட்சைட்டால் திரும்ப மேலே ஏற்றுவது. காபனேற்று போய்விட்டதால் போரேற்று போன்ற தெரிந்தவற்றைக் கழித்தபின் எஞ்சுவது சேதனம். சோடியம் ஐதரொட்சைட்டு வளியில் இருந்து காபனீரொட்சைட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அதைப் புதிதாகக் கலக்கி மூடி வைப்பதில்தான் பொறுமை வேண்டும்.

ஆழ்நீர்

இதை ஏற்கிறேன். இன்னும் இரண்டு சேர்க்கிறேன். மென்பொருளில் எந்தக் கூட்டப்பிரிகை மாறிலிகளை, அதாவது காபோனிக்கமிலம் நீரில் எவ்வளவு பிரிகிறது என்று சொல்லும் எண்களை, தேர்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெளிக்கடலுக்கு எல்லோரும் எடுப்பது 2000ஆம் ஆண்டு லூக்கரும் கூட்டாளிகளும் தந்தது, அது உவர்ப்பு 19 முதல் 43 வரைக்கும்தான். வாவிக்குள் போனால் 2010இல் மில்லரோ தந்தது, உவர்ப்பு 1 வரை இறங்கும். ஒரே கோட்டில் இரண்டையும் கலந்தால் நடுவில் ஒரு பொய்ப் படி தெரியும்.

மற்றது, அமிலம். நியமிப்புக்கு வெறும் நீரில் கரைத்த அமிலம் எடுக்கக் கூடாது, கடல்நீரின் அயன் செறிவுக்குச் சோடியம் குளோரைட்டுச் சேர்த்த அமிலமாக இருக்க வேண்டும். அதன் செறிவு உறுதியாகத் தெரியாவிட்டால் வடித்தும் பயனில்லை.

காயான்கேணி

அமிலம், அளவி எல்லாம் வாசிச்சேன், பாதிதான் புரிஞ்சுது. நான் காயான்கேணி, பாசிக்குடாப் பக்கம் சுழியோடிகளைக் கூட்டிப் போறவன். 2016இல பவளம் வெளிறினதைக் கண்ணால பாத்தனான். அது சூட்டால எண்டு சொன்னாங்க. இந்தக் காபன் கணக்கு எங்கட பவளத்துக்கு என்ன சொல்லுது?

ஆழ்நீர்

வெளிறல் சூட்டால்தான். காபன் செய்வது வேறு வேலை, மெதுவான வேலை.

கடலில் கரைந்த அசேதனக் காபனில் பத்தில் ஒன்பது பங்கு இருகாபனேற்று. மிச்சத்தில் பெரும்பகுதி காபனேற்று. கரைந்த வாயுவாக நிற்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. பவளம் எலும்பு கட்ட வேண்டியது காபனேற்று. வளியிலிருந்து புதிதாகக் காபனீரொட்சைட்டு உள்ளே வந்தால் அது நீருடனும் காபனேற்றுடனும் சேர்ந்து இருகாபனேற்றாகிவிடும். காபன் கூடுகிறது, பவளத்துக்கு வேண்டிய காபனேற்றோ குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் உலகக் கடல் மேல்நீரின் பீ.எச். 8.2 அளவில் இருந்தது, இப்போது 8.1க்குக் கீழே வந்துகொண்டிருக்கிறது. 0.1 என்றால் சின்னதாகத் தெரியும். பீ.எச். மடக்கை அளவு என்பதால் ஐதரசன் அயன் நூற்றுக்கு 26 பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் இடத்துக்கு இன்னொன்று இருக்கிறது. கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், இலங்கைக்குக் கிழக்கே நீர் இடஞ்சுழியாகச் சுற்றி, அடியிலுள்ள குளிர்நீர் மேலே தூக்கப்படும். 'இலங்கைக் குவிமாடம்' என்று கடலியலாளர் அழைப்பது அதைத்தான். 1998இல் வினயச்சந்திரனும் யமகாட்டாவும் அதை விவரித்து எழுதினார்கள். அடிநீரில் அழுகிய உயிர்ப்பொருளின் காபன் சேர்ந்திருப்பதால் பீ.எச். குறைவு, ஒட்சிசனும் குறைவு. அந்த நீர் காயான்கேணி வரை எட்டுகிறதா என்பதை அறியக் கச்சான் மாதங்களில் அங்கேயே மாதிரி எடுக்க வேண்டும். தை மாதக் கப்பல் அதைச் சொல்லாது.

காயான்கேணி

கச்சானுக்குள்ள சில நாள் கீழ்த் தண்ணி குளிரும், கை விறைக்கும். முப்பதடிக்குக் கீழ போனா ஒரு கோடு மாதிரித் தெரியும், மினுங்கும். நாங்க அதுக்குள்ள போனாக் கட்டாயம் கவனிப்பம். போத்தல் தந்தா நான் எடுத்துத் தாறன்.

வாழைச்சேனை_பலநாள்

போத்தல் எடுக்கிறதெண்டா நானும் வாறன். எங்கட படகு இருநூறு, முந்நூறு மைல் வெளியால போகுது. ஆனா ஒண்டு கேக்கணும். தண்ணி கெடாம இருக்கப் பாதரச நஞ்சு விடுறதாமே? நாங்க மீன் பிடிக்கிற கடல், மீன் வைக்கிற ஐஸ் கிடங்கு. அந்த நஞ்ச எங்கட போட்டில ஏத்த நான் விடமாட்டன். ஆராய்ச்சிக்கெண்டாலும் விடமாட்டன்.

கல்லடி_ஆய்வுகூடம்

ஐயா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஏற்றக் கூடாது. ஏனென்று கணக்கோடு சொல்கிறேன், மற்றவர்களும் வாசிக்கட்டும்.

அரை லீற்றர் போத்தலுக்கு நிரம்பிய மேர்க்கூரிக் குளோரைட்டுக் கரைசல் 100 மைக்ரோலீற்றர் விடுவது வழக்கம், ஒரு லீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கைக்குத் தெரியாத அளவு. ஆனால் அந்தத் துளியில் 5 மில்லிகிராம் அளவு மேர்க்கூரி இருக்கிறது. போத்தல் நீரில் அது லீற்றருக்கு 10 மில்லிகிராம். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 0.006 மில்லிகிராம். ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலே. அப்படிப்பட்ட நீரைச் சோதனை முடிந்ததும் வடிகாலில் ஊற்றும் இடங்கள் இருக்கின்றன. நான் பெயர் சொல்ல வரவில்லை, செய்யாதீங்கள் என்று சொல்ல வந்தேன். எங்கள் வடிகால் எங்கே போய் விழுது? வாவிக்குள்ளதான்.

நஞ்சு ஏன் விடுகிறார்கள் என்றால், போத்தலுக்குள் அடைபட்ட நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டுக் காபனீரொட்சைட்டைக் கூட்டும், பாசி வெளிச்சம் கண்டால் குறைக்கும். கப்பலில் எடுத்த நீர் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிருக்கும், நஞ்சில்லாமல் அது நிற்காது. எங்களுக்கு அப்படியில்லை. காலையில் காயான்கேணியில் எடுத்து, இருட்டில், ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து, அன்றைக்கே அளந்தால் நஞ்சு வேண்டாம். உறையவிட மட்டும் கூடாது. கடல்நீர் உறைந்தால் உப்பு ஒதுங்கிக் கல்சியம் காபனேற்று படிந்துவிடும், போத்தலும் வெடிக்கும்.

வாழைச்சேனை_பலநாள்

அப்ப சரி. மூண்டு கிழமை கடலில நிக்கிற போட் உங்களுக்குத் தோதில்லை. ஒருநாள் வள்ளக்காரரைப் பிடியுங்க, நான் ஆள் சொல்றன்.

ஒலுவில்_நீர்

அக்கா, கப்பலில் எப்படிப் போத்தலில் நிரப்புகிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. நானா ஒருவர் வள்ளம் தருவதாகச் சொன்னார், கச்சானில் நாங்களே எடுக்கலாம். முறை எப்படி?

ஆழ்நீர்

இதை நான் எழுதுகிறேன், பல இரவுகள் செய்த வேலை.

ஆழத்தில் நீரை அடைத்து மேலே கொண்டுவரும் நிஸ்கின் போத்தல்கள் வட்டமாகக் கட்டிய சட்டம் மேல்தளத்துக்கு வந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். வரிசைக்குக் காரணம் இருக்கிறது. நிஸ்கினின் காற்றுத்துளை திறந்த நிமிடத்திலிருந்து உள்ளே வளி புகும், நீர் இறங்க இறங்க மேலே வளிமண்டலம் அமரும். ஆகவே வாயு அளப்பவர் முந்த வேண்டும். ஒட்சிசன் முதல், அதன் பின்னால் காபன், உவர்ப்பு கடைசி.

சிலிக்கன் குழாயை நிஸ்கின் வாயில் மாட்டி, குழாயை விரலால் தட்டித் தட்டி உள்ளே ஒட்டிய குமிழ்களை விரட்டுவோம். ஒரு குமிழ்கூட மிஞ்சக் கூடாது. போரோசிலிக்கேற்றுக் கண்ணாடிப் போத்தலைக் கொஞ்ச நீரில் அலசிவிட்டு, குழாயின் நுனியை அடியில் வைத்து மெதுவாக நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் சலசலக்கும், சலசலத்தால் வாயு மாறும். நிரம்பிய பிறகும் நிறுத்தாமல் இன்னொரு போத்தலளவு நீராவது வழிய விடுவோம், வளியைத் தொட்ட முதல் நீர் வெளியேறட்டும் என்று. பின் குழாயைக் கிள்ளிப் பிடித்தபடி உருவி எடுக்க வேண்டும். கழுத்தில் நூற்றில் ஒரு பங்கு இடம் விடுவோம், சூட்டில் நீர் விரிந்து அடைப்பானைத் தள்ளாதிருக்க. உலர்ந்த கழுத்தில் தேய்த்த கண்ணாடி அடைப்பானுக்குக் கிறீஸ் பூசி, திருகி அழுத்தினால் கிறீஸ் ஒரே கண்ணாடிபோலத் தெளியும். கீறு கீறாகத் தெரிந்தால் வளி போகும் வழி இருக்கிறது, திரும்பப் பூச வேண்டும். மேலே இறப்பர் பட்டி.

வள்ளத்தில் நிஸ்கின் ஒன்று போதும், கயிற்றில் இறக்கிப் பூட்டலாம். மேல்நீரைக் கையால் எடுப்பதென்றால் போத்தலை நீருக்குள் அமிழ்த்தி, கவிழ்த்துத் திருப்பாமல் ஓரமாகச் சரித்து நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். சோடாப் போத்தல் வேண்டாம், பிளாஸ்ரிக்கினூடாக வாயு கசியும். உவர்ப்பும் வெப்பநிலையும் அந்த நிமிடத்திலேயே எழுதப்பட வேண்டும். வெப்பநிலை ஒரு பாகை மாறினால் பீ.எச். 0.015 அளவு நகரும், ஆய்வுகூடத்து 25 பாகை எண்ணைக் கடலின் 28 பாகைக்குக் கொண்டுபோக அந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

மண்முனைப்_பண்ணை

இவ்வளவு கவனம் எடுத்துக் கடைசியில அளக்கிற எண் சரியெண்டு எப்பிடித் தெரியும்? எங்கட மருந்துப் பெட்டி பழசானா நிறமே மாறாது. உங்கட கருவிக்கும் அப்பிடி நடக்கும்தானே.

ஆழ்நீர்

நடக்கும், அண்ணே. இந்தத் துறையின் உயிரே உங்கள் கேள்விதான்.

அசேதனக் காபன் அளக்கும் கூலோமானியில் காபனீரொட்சைட்டை எதனோலமீன் கலத்தில் பிடிப்போம். கலத்தில் ஒரு நீலச் சாயம் நிற்கும். வாயு வந்ததும் நீலம் வெளிறும், மின்னோட்டம் காரத்தை உண்டாக்கி நீலத்தைத் திரும்பக் கொண்டுவரும், எவ்வளவு மின்னேற்றம் செலவானது என்பதே அளவு. கலம் களைத்துப்போகும், நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். புதுக் கலத்தில் எண் சற்று நகரலாம். அதைக் கண்டுபிடிப்பது நியமக் கடல்நீர். கலிபோர்ணியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் அன்ட்ரூ டிக்சனின் ஆய்வுகூடம் 1990களின் தொடக்கத்திலிருந்து இதைத் தயாரித்து உலகெங்கும் அனுப்பிவந்தது. கடல்நீரைக் கிருமி நீக்கிப் போத்தலில் அடைத்து, அசேதனக் காபனும் காரத்தன்மையும் இவ்வளவு என்று சான்றளித்த நீர். ஒவ்வொரு கலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அதை ஓட்டுவோம். எண் சான்றிதழோடு நிற்காவிட்டால் அன்றைய மாதிரிகள் எதையும் நம்ப மாட்டோம்.

கப்பலுக்கு இன்னொரு காவலும் உண்டு. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மீற்றருக்குக் கீழே ஆழ்நீர் மிக மெதுவாக மாறும். வேறு வேறு பயணங்கள் ஒரே இடத்தில் அளந்த ஆழ்நீர் எண்களை அடுக்கிப் பார்த்தால் எந்தப் பயணம் விலகி நிற்கிறது என்று தெரியும். தங்கச்சியின் கோட்டில் ஆழ்கடல் நிலையம் இருப்பது பெரிய கொடுப்பினை, அதை ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள்.

காயான்கேணி

அப்ப கப்பல் இல்லாம நாங்க வள்ளத்தில எடுக்கிறது வீண்வேலையா?

ஆழ்நீர்

நேராகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 1 மைக்ரோமோல் ஏறுவதைக் காண வள்ளத்து அளவீடு போதாது. அதற்குக் கப்பலும் கூலோமானியும் வேண்டும்.

கல்லடி_ஆய்வுகூடம்

தம்பி, இங்கே நான் உங்களோடு நிற்க மாட்டேன். கடலின் அமிலமாதலைக் கண்காணிக்கும் உலக வலையமைப்பே இரண்டு தரம் வைத்திருக்கிறது. 'காலநிலைத் தரம்' என்றால் காரத்தன்மையும் அசேதனக் காபனும் 2 மைக்ரோமோலுக்குள், பீ.எச். 0.003க்குள். 'வானிலைத் தரம்' என்றால் 10 மைக்ரோமோல், 0.02. இரண்டாவது தரம் இங்கே எட்டாக்கனியில்லை. எங்கள் வாவியில் பகலில் ஒளித்தொகுப்பும் இரவில் சுவாசமும் மாறி மாறி நடக்கும், முகத்துவாரம் மூடும், திறக்கும், கச்சானில் குளிர்நீர் வரும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு முன்னால் 0.02 சின்ன விசயம். பவளத்தைத் தொடுவதும் அந்த ஏற்ற இறக்கம்தான்.

கப்பல் எப்போதும் வரும் என்ற உத்தரவாதம் யாருக்கும் இல்லை. 2024 தைமாதத்திலிருந்து ஓராண்டு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதையும் அரசாங்கம் அனுமதிக்கவில்லை. அந்த முடிவு சரியா பிழையா என்பது வேறு பேச்சு, ஆனால் கப்பல் வராத ஆண்டும் கடல் மாறிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டின் எண் எங்கே? மாதம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம், ஒரு வள்ளம், நியமக் கடல்நீரோடு சரிபார்த்த அளவு. பத்தாண்டு தொடர்ந்தால் கப்பல்காரரே வந்து கேட்பார்கள்.

ஆழ்நீர்

அக்கா, மாதாந்தத் தொடர் என்றால் ஒப்புக்கொள்கிறேன். என் தயக்கம் நியமக் கடல்நீர் இல்லாமல் எடுக்கும் தொடரைப் பற்றியது. அது கிடைக்காத மாதங்களுக்கு ஒரு வழி: வெளிக்கடல் நீரை ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் வடித்து, நஞ்சிட்டு, பல போத்தல்களில் அடைத்து, சான்றுள்ள நீரோடு ஒருமுறை ஒப்பிட்டு எண் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவு நாளிலும் அதில் ஒரு போத்தல். நஞ்சு அந்தச் சாடிக்கு மட்டும்தான், பூட்டிய அலுமாரிக்குள், வள்ளத்துக்கு வராது.

நேரத்திலும் கண்டிப்பு வேண்டும். காலை ஆறு மணி என்றால் எப்போதும் ஆறு மணி. ஒரு மாதம் காலையிலும் மறு மாதம் மத்தியானத்திலும் எடுத்தால் பாசியின் ஒருநாள் வேலையைப் பருவ மாற்றம் என்று எண்ணிவிடுவீர்கள்.

ஒலுவில்_நீர்

வடித்துப் பார்த்துவிட்டேன். முகத்துவாரத்துக்கு மிக நெருங்கிய இரண்டு நிலையங்களிலும் வடித்த நீரின் காரத்தன்மை தெளிவாகக் குறைந்தது, இடைவெளியில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. ஆனால் முழுதாகப் போகவில்லை. மிச்சம் சேதனமா மின்வாயா என்பதைச் சாய முறை இல்லாமல் சொல்ல முடியாது. அதனால் அந்த நிலையங்களின் வடிக்காத அசேதனக் காபன் எண்ணைப் பவளக் கணக்குக்கு எடுக்க வேண்டாம் என்று அறிக்கையில் குறித்துவிட்டேன், எண்ணை அழிக்கவில்லை.

சாயம் வாங்கலாம். கலன்தாங்கியில் வெப்பநிலையை நிறுத்தும் வசதி எங்கள் ஒளிமானியில் இல்லை. மட்டக்களப்பில் எங்காவது இருக்கிறதா, அக்கா?

கல்லடி_ஆய்வுகூடம்

நீர் சுற்றும் தாங்கி ஒன்று என்னிடம் இருக்கு, மகள். சாயம் வாங்கும்போது தூய்மையாக்கினதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுச் சாயத்தில் கலப்படம் இருந்தால் அதுவும் ஒளியை உறிஞ்சும், பீ.எச். கூடிய நீரில் பிழை பெரிதாகும். தூய்மையானது கிடைக்காவிட்டால் ஒரே புட்டி எண்ணை எழுதிவைத்து, எல்லா மாதிரிக்கும் அதே புட்டி. வரும்போது மிச்சப் போத்தல்களை ஐஸ் இல்லாமல், வெயில் படாமல், நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாங்கள். அளந்து முடிந்த நஞ்சுநீரையும் கூடவே எடுத்துவாங்கள். இங்கே மூடியிட்ட கான் தனியாக வைத்திருக்கிறேன், சல்பைட்டாகப் படியவைத்து எடுப்பேன்.

காயான்கேணி

முதல் குளிர் தண்ணி வந்தோடன இங்க எழுதுறன். வள்ளம் காலையில ஆறு மணிக்குக் கரையில நிக்கும்.